ஜனத்தொகை சாரும் ஓர் ஆள் குறைந்த ஊரும்

திருவனந்தபுரம் ஜில்லாவில் யார் பிறப்பதானாலும் தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் பிறக்க வேண்டும் என்று நினைத்த ஒரே மனிதர், எங்கள் ஜனத்தொகை சார்.

எழுபதுகளில் எங்கள் ரெவின்யூ ஆபீசில் கிராமப் பிரிவுக்கு அவர்தான் ஹெட் கிளார்க். திருநெல்வேலிக்காரர், கல்யாணம் ஆகாதவர், தம்பானூரில் லாட்ஜ் வாசம். யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால், "பொண்ணு எந்தத் தாலுகா?" என்பார். வெளியூரிலிருந்து பெண் வந்தால் முதுகில் தட்டுவார். இங்கிருந்து போனால் முகம் தொங்கிவிடும். சாலைக் கடைத்தெரு மளிகைக்காரர் ஒருவர் மகளைக் கோவில்பட்டிக்குக் கொடுத்தபோது, பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "மாப்பிள்ளய இங்க கடை வைக்கச் சொல்லப்படாதா அண்ணாச்சி?" என்று நச்சரித்து, பாயசத்துக்கு முன்பே எழுப்பப்பட்டார்.

நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மலையடி ஊர் தனக்கென்று வில்லேஜ் ஆபீஸ் கேட்டது. மழைக்காலத்தில் தோணி ஓடாது. ஒரு சர்ட்டிபிகேட்டுக்கு வெள்ளம் வடியும்வரை காத்திருக்க வேண்டும். நானும் சாரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். வில்லேஜ் ஆபீசுக்கு விதி கேட்கும் ஜனத்தொகைக்கு ஓர் ஆள் குறைந்தது.

சார் தலையில் கைவைத்து உட்கார்ந்த நேரத்தில், டீக்கடைக்காரரின் மனைவி சரசு நிறைமாத வயிற்றோடு நடந்து போனாள். சாருக்கு உயிர் வந்தது. ஆனால் அன்றே அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக அவள் அம்மா ஜீப்போடு வந்துவிட்டாள். சார் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார்.

"புள்ள உங்க ஊர்ல பொறந்தா உங்க ஊர்க் கணக்குல போயிருமே, அம்மா."

"என் பேரப்புள்ள என் கணக்குலதான் சாரே வரணும். மாறி நில்லும்."

ஜீப்பிலிருந்து சரசு சிரித்தாள். "சாருக்கு அவ்வளவு ஆள் வேணும்னா, சாரே இங்க வந்து தாமசிச்சா என்ன?"

சார் ஜீப்புக்கு வழி விட்டார். அடுத்த வாரமே டிரங்குப் பெட்டியும் பாயுமாக டீக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியேறிவிட்டார்.

"இதெல்லாம் செல்லுமா சார்?" என்றேன்.

"எனக்குச் சோறு எங்க வேகுதோ அதுதான் வே என் ஊரு."

தோணி ஏறி, இரண்டு பஸ் மாறி ஆபீசுக்கு வந்தார். தினமும் லேட். தினமும் சூப்பரிண்டெண்டிடம் திட்டு. தோணி கிடைக்காமல் ஆற்றை நீந்திக் கடந்து, தலைமுடியில் பாசியோடு வந்த நாட்களும் உண்டு. பரிசோதனைக்கு வந்த அதிகாரி, பல் குச்சியோடு வாசலில் நின்ற சாரைப் பார்த்துத் திகைத்தார். ஆனாலும் எண்ணிக்கையில் சேர்த்தார். ஊருக்கு வில்லேஜ் ஆபீஸ் வந்தது.

சரசு இரட்டைப் பிள்ளைகளோடு திரும்பினாள். இனி அந்த ஊருக்கு சார் தேவையில்லை. லாட்ஜ் அறையும் காலியாக இருந்தது. அவரைக் கூட்டிவர ஆபீஸ் ஜீப்பில் நானே போனேன். பெட்டியை ஏற்றியும் ஆயிற்று. சரசு ஒரு குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள்.

"சார் போனா ஒராள் குறையுமே."

சார் குழந்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஆமா வே. குறையத்தான் செய்யும்."

எனக்கும் கூட்டல் கழித்தல் தெரியும். பெட்டியை நானே இறக்கி வைத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவந்தேன்.