பொறுப்புள்ள குடிமகனுக்கு ஞாயிறு விடுமுறை இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில், பெண்டாட்டி கையில் மாட்டாமல் ஒரு மனிதன் கேரம் விளையாடப் போக என்னதான் வழி? உங்களுக்குத் தெரிந்திருந்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர். நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். சமூகப் பொறுப்பு!

"இனிமே நான் பொறுப்புள்ள குடிமகனா வாழப்போறேன்" என்று அறிவித்தேன்.

மனைவி பாப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "எங்க, வாயை ஊதுங்க."

"அந்தக் குடிமகன் இல்லடி! நம்ம தெருச் சாக்கடை நாறுது. ஞாயித்துக்கிழமையானா நானும் சிநேகிதங்களும் சுத்தம் பண்ணப்போறோம்."

"நீங்களா? குடிச்ச டம்ளரை நகர்த்தி வைக்க மாட்டீங்களே!"

"வீட்டுக்குள்ள நான் வெறும் புருஷன். வாசலைத் தாண்டினாத்தான் குடிமகன்."

அசந்துபோனாள். அப்படித்தான் நினைத்தேன்.

வாசலைத் தாண்டிய குடிமகன் நேராகத் தையல்காரர் கடைக்குப் போனான். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். துணி வெட்டும் மேஜைமேல் கேரம் பலகை. நான், தையல்காரர், எலக்ட்ரீஷியன், போட்டோக்காரர். காய் வழுக்கிக்கொண்டு ஓட, பொடியைத் தாராளமாகத் தூவுவோம். மதியம் வரை சமூக சேவை.

வீடு திரும்பினால், மனைவி என் கையையே பார்த்தாள். முழங்கை வரை வெள்ளை.

"இது என்னங்க?"

"பிளீச்சிங் பவுடர். சாக்கடைக்குப் போட்டோம்."

விரலைப் பிடித்து முகர்ந்தாள். "பரவாயில்லையே, நெடியே இல்ல!"

"புது கம்பெனி."

"பாவம், ரொம்பக் களைச்சுட்டீங்க" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு இறுதிப்போட்டி. தலை வாரிக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசலில் பாதித் தெரு! முன்வரிசையில் தையல்காரர், எலக்ட்ரீஷியன், போட்டோக்காரர். ஆளுக்கொரு மண்வெட்டி. மூவரும் என்னைக் கண்ணாலேயே பொசுக்கினார்கள். பின்னால் காவலுக்கு அவரவர் மனைவி.

"அண்ணா!" என்றாள் தையல்காரர் மனைவி. "அவசரத் துணி தைக்கிறேன்னுதான் இவர் என்கிட்ட சொல்லிட்டு வந்தார். தெருவுக்காக உழைக்கிறது அண்ணி சொல்லித்தான் தெரியும். என்ன அடக்கம் பாருங்க இவருக்கு!"

அண்ணி என்பது என் மனைவி.

"ஏன்டி?" என்று பல்லைக் கடித்தேன்.

"நல்லதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டாமா?" என்று கையில் கடப்பாரையைக் கொடுத்தாள். "மூடிக் கல்லை நீங்களே தூக்குங்க. உங்களுக்குத்தான் பழக்கம்."

தூக்கினேன். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு கைதட்டியது. பாட்டில், பழைய செருப்பு, தலையில்லாத பொம்மை என்று ஒரு குடும்பமே உள்ளே குடியிருந்தது. எலக்ட்ரீஷியன் வாரிய சேறெல்லாம் குறி தவறாமல் என் மேலேயே விழுந்தது. மதியத்துக்குள் தண்ணீர் சலசலவென்று ஓடிற்று. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நிமிர்ந்தேன். பாராட்ட ஒரு ஆள் இல்லை.

"கைதட்டின பொம்பளைங்க எல்லாம் எங்கப்பா?" என்றார் போட்டோக்காரர்.

டக். டக். சத்தம் தையல் கடையிலிருந்து வந்தது. பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே வரிசையாகப் பெண்களின் செருப்புகள். குனிந்து எட்டிப் பார்த்தாள் என் மனைவி. இடுப்பில் பாப்பா, கன்னத்தில் வெள்ளைப் பொடி.

"என்னங்க, நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து பாப்பாவைக் கொஞ்சம் தூக்கிக்குங்க. சிவப்புக் காய் குழி ஓரத்துலயே நிக்குது!"