வாழையிலைக்குக் கார்பன் தோஷம்

காரைக்குடியில் அந்த மாதம் மிக்ஸிக்கு ஜாதகம் பார்த்தார்கள்.

மிக்ஸிக்கு மட்டுமா? கிரைண்டருக்கு, குக்கருக்கு, ஸ்கூட்டருக்கு, ஏன், கொசு அடிக்கிற மட்டைக்குக்கூடப் பார்த்தார்கள். புறவழிச்சாலை ஓரம் மூடிக் கிடந்த அரிசி ஆலை ஒன்றில் பூமிநாடிச் சித்தர் பீடம் போட்டிருந்தார். விடியும்போதே வாசலில் வரிசை நிற்கும். ஒரு அம்மாள் டேபிள் ஃபேனைக் கைக்குழந்தை போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்பாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் லாரி டயரை உருட்டிக்கொண்டு வருவார். பிரிட்ஜைத் தூக்கி வர முடியாதவர்கள் அதைப் படம் பிடித்துச் செல்போனில் கொண்டு வந்தார்கள். படத்துக்கும் நாடி உண்டாம். காணிக்கை மட்டும் படமாக இருக்கக் கூடாது.

சித்தரின் தொழில் புதுத் தொழில். மனிதர்களுக்கு ஜோசியம் சொல்லத்தான் தெருவுக்கு ஒருவர் இருக்கிறாரே. இவர் பொருள்களுக்குச் சொன்னார். ஒவ்வொரு பொருளுக்கும் முற்பிறவி, இப்பிறவி, மறுபிறவி மூன்றும் உண்டு என்றார். எந்தச் சுரங்கத்தில் பிறந்தது, எந்தக் கப்பலில் வந்தது, குப்பைக்குப் போன பிறகு பூமியை என்ன பாடு படுத்தும், எல்லாம் அவருக்குத் தெரியும். பச்சைப் பட்டுத்துணியால் கண்ணைக் கட்டிக்கொள்வார். கயிற்றில் கட்டிய செப்புக் குண்டைப் பொருளுக்கு மேலே தொங்கவிடுவார். குண்டு வலமாகச் சுற்றினால் புண்ணியப் பொருள். இடமாகச் சுற்றினால் கார்பன் தோஷம்.

தோஷம் என்றால் பதற வேண்டாம். பரிகாரம் அங்கேயே விற்றது. செப்புத் தகடு. பொருளின் அடியில் ஒட்டினால் கார்பனையெல்லாம் அது உறிஞ்சிவிடும். ஒட்டிய பிறகும் வண்டியில் புகை வருகிறதா? இன்னொரு தகடு வாங்க வேண்டியதுதான். அந்தக் காலத்துச் சாமியார்கள் சனியையும் ராகுவையும் காட்டிப் பயமுறுத்தினார்கள். இவர் மீத்தேனைக் காட்டினார். பயம் பழைய சரக்கு, பொட்டலம்தான் புதுசு.

கானாடுகாத்தான் ஏகப்பனும் ஒருநாள் அந்த வரிசையில் போய் நின்றார். கையில் மிக்ஸி கிடையாது. அவர் கொண்டு போனது ஒரு கல்யாணம்.

ஏகப்பனின் ஒரே மகள் அக்ஷராவுக்குத் தை மாதம் கல்யாணம். பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். போனில் அப்பாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "அப்பச்சி, எதை வாங்குறதா இருந்தாலும், அது உண்டாகுறதுல இருந்து குப்பைக்குப் போற வரைக்கும் பூமிக்கு என்ன கெடுதல்னு கணக்குப் பார்த்துட்டு வாங்குங்க. பெல்சிகிட்ட கேளுங்க, அவளுக்கு அதுதான் வேலை."

பெல்சி, அக்ஷராவோடு கல்லூரியில் படித்தவள். அமராவதிபுதூரில் வாழைத் தோப்பு வைத்திருக்கும் சூசைமரியானின் மகள். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில், ஒரு சட்டை பருத்திக் காட்டிலிருந்து குப்பைமேடு வரை போவதற்குள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, எவ்வளவு கரியைக் கக்குகிறது என்று கணக்கிடுகிற வேலை. ஏகப்பன் அவளிடமும் கேட்டுப் பார்த்தார். "விசாரிச்சுச் சொல்ல மூணு வாரம் ஆகும் அங்கிள்" என்றாள்.

"மூணு வாரமா? சித்தர் ஒரு நிமிஷத்துல சொல்றாரு" என்றார் ஏகப்பன் தன் மனைவி சாலாவிடம். "படிச்ச புள்ளைகளுக்கு எல்லாமே இழுவைதான்."

கல்யாணச் சாமான்களைப் பார்க்கச் சித்தர் ஏகப்பன் வீட்டுக்கே காரில் வந்து இறங்கினார். வீட்டைச் சுற்றி வந்தார். வார்ப்பு அண்டாவுக்குத் தோஷம், தகடு. குத்துவிளக்குக்கு லேசான தோஷம், சின்னத் தகடு. ஜெனரேட்டர் புண்ணியப் பொருள் என்றார். அதை வாடகைக்கு விடுகிறவர் போன வாரமே பீடத்தில் தகடு வாங்கியிருந்தார். கடைசியில் பந்திக்கான இலைக்கு வந்தார். வாழையிலைக்கு மேலே குண்டு இடமாகச் சுழன்றது. சுழன்ற வேகத்தில் சித்தரே இரண்டடி பின்னால் போனார்.

"ஏழு பிறவிக் கார்பன். இந்த இலையில மாப்பிள்ள சாப்பிட்டா வம்சத்துக்கே ஆகாது."

"அப்பப் பந்திக்கு எதைப் போடுறது சாமி?" என்றார் ஏகப்பன்.

சீடன் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்தான். உள்ளே பேப்பர் இலை. வாழையிலை மாதிரியே பச்சை, நடுவில் நரம்புகூட அச்சடித்திருந்தது. ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூச்சு பளபளத்தது. குண்டு வலமாகச் சுற்றியது, பாந்தமாக, பரதநாட்டியம் போல.

சாலா அந்த இலையை விரலால் தடவிப் பார்த்தாள். "நம்ம வீட்டுக் கல்யாணத்துல பிளாஸ்டிக் கவரை விரிச்சா சோறு போடப் போறீக?"

"உனக்கு மூணு பிறவியும் தெரியுமா? அவருக்குத் தெரியுது" என்றார் ஏகப்பன். அன்றே சூசைமரியானுக்குப் போன் போட்டு இலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சும்மா சொல்லவில்லை, காரணத்தோடு சொன்னார். "உங்க இலைக்குத் தோஷம் இருக்காம் அண்ணே, தப்பா நினைக்காதீக." ஏகப்பன் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கும் சூசைமரியானின் இலை வேண்டாம் என்றானது. வெட்டிக் கட்டிய இலைக்கட்டுகள் தோப்பிலேயே கிடந்து வாடின.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டு முற்றத்து வளவில் தகடு ஒட்டும் பூஜை. ஊரே வந்திருந்தது, பாதிப்பேர் தங்கள் வீட்டுச் சாமான்களோடு. அக்ஷராவும் பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள், வரும்போதே பெல்சியைக் கையோடு அழைத்துக்கொண்டு. சூசைமரியானும் ஒரு இலைக்கட்டோடு வந்து ஓரமாக நின்றார். விற்க வரவில்லை. தோஷம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்றார்.

பெல்சி சித்தரை வணங்கவும் இல்லை, வையவும் இல்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சாமி, நீங்க பொருளைக் கண்ணால பாக்குறதில்லையே, நாடியிலதான் அறியிறீக?"

"கண் பொய் சொல்லும். நாடி சொல்லாது."

"அப்ப சம்படத்துக்குள்ள வச்சு மூடிட்டாலும் நாடி தெரியுமா?"

சித்தர் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் திறந்தது. "ஏத்தா, சாமி பூமிக்கு அடியில கெடக்குற தாதுவையே சொல்லுவாரு. எவர்சில்வர் மூடி என்ன பெரிய கோட்டையா?" என்றார் தன் வீட்டு அண்டாவுக்கும் தகடு வாங்கியிருந்த சின்னச்சாமி என்ற ஊர்க்காரர். ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லாரும். சித்தர் சீடனைப் பார்த்தார். சீடன் உத்தரத்தைப் பார்த்தான். பக்தர்களின் நம்பிக்கையைப் போல ஆளை மாட்டிவிடுகிற பொறி வேறு கிடையாது.

ஏகப்பனுக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்தப் பெண்ணின் வாய் இன்றோடு அடைபடும் என்று நினைத்தார்.

சாலா சாமான் அறைக்குள் போனாள். ஒரே மாதிரி நான்கு சம்படங்களை எடுத்து, பெல்சி சொன்னபடி உள்ளே பொருள்களைப் போட்டு, எடை தெரியாமல் இருக்க எல்லாவற்றிலும் அரிசி கொட்டி மூடினாள். எதில் எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக அறைக்குள்ளேயே இருந்துகொண்டாள். விவரம் எதுவும் தெரியாத அக்ஷரா சம்படங்களைக் கொண்டு வந்து வரிசையாக வைத்தாள்.

சித்தர் கண்ணைக் கட்டினார். வழக்கம்போல முகவாயை மேலே தூக்கி, மூக்கோரம் துணிக்குக் கீழே பார்த்தார். எவர்சில்வர்தான் தெரிந்தது. அதில் அவர் முகமே கோணலாகத் தெரிந்தது.

முதல் சம்படம். குண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு வலமாகச் சுற்றியது. "புண்ணியம்." அக்ஷரா மூடியில் குங்குமம் வைத்தாள்.

இரண்டாவது, இடம். "தோஷம்." கரிப்பொட்டு.

மூன்றாவது, இடம். "இதுவும் தோஷம். பிளாஸ்டிக் ராகு பார்க்கிறான்." கரிப்பொட்டு.

நான்காவதில் குண்டு பேயாட்டம் ஆடியது. சித்தருக்கு வியர்த்தது. "கொடுமை. இதை வச்சிருக்கிற வீட்டுல பச்சைப் புல்லு முளைக்காது. ஊர் எல்லைக்கு அங்குட்டு கொண்டுபோய்ப் பொதைங்க."

"திறக்கலாமா அங்கிள்?" என்றாள் பெல்சி.

ஏகப்பனே திறந்தார். முதல் சம்படத்தில் பாதி வாழையிலை. வம்சத்துக்கு ஆகாது என்ற அதே சூசைமரியானின் இலை, இன்று குங்குமம் வாங்கியிருந்தது. இரண்டாவதில் அதே இலையின் மறுபாதி. ஒரே இலையில் வலப்பக்கம் புண்ணியம், இடப்பக்கம் பாவம். மூன்றாவதில் சித்தர் ஆசீர்வதித்த பேப்பர் இலை.

நான்காவதில் கையை விட்டு அரிசியைத் துழாவினார் ஏகப்பன். வெளியே வந்தது சித்தரின் செப்புத் தகடு.

யாரோ ஒரு அம்மாள் முதலில் சிரித்தாள். வளவு முழுக்கத் தொற்றிக்கொண்டது. "இதைப் பொதைக்கவா சாமி? எங்க வீட்டுலயும் ஆறு கெடக்கு" என்றார் ஒருவர்.

"சந்தேகப்படுறவங்க நின்னா நாடி கலங்கும்" என்றார் சித்தர். சின்னச்சாமி உடனே தலையாட்டினார். தகடு வாங்கியவர் அல்லவா, அவருக்கு இன்னும் கொஞ்சம் நம்ப வேண்டியிருந்தது.

ஏகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்திருந்தது. கோபமா வெட்கமா என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகச் சித்தரிடம் சொந்தமாக ஒரு கேள்வி கேட்டார்.

"நாடி இருக்கிறது பொருள்லயா, உங்க கையிலயா?"

"பொருள்லதான்."

"அப்பக் கை எதுக்கு?" ஏகப்பன் குண்டை வாங்கினார். கதவு நிலையில் தோரணத்துக்கு அடித்திருந்த ஆணியில் கயிற்றைக் கட்டினார். நேர் கீழே முக்காலி போட்டு வாழையிலையை வைத்தார். குண்டு ஆடி அடங்கி நின்றது. இலையை எடுத்துவிட்டுப் பேப்பர் இலையை வைத்தார். நின்றது. தகடு, சின்னச்சாமியின் அண்டா, கடைசியாகச் சீடனின் செல்போன். எதற்கும் அசையவில்லை. அந்தக் குண்டுக்கு வாழ்நாளில் அதுதான் முதல் ஓய்வு.

"சாமி கைய எடுத்த உடனே பூமிக்கு நாடி நின்னுபோச்சு போல" என்றாள் சாலா, அறையிலிருந்து வெளியே வந்து. வந்தவள் பேப்பர் இலைப் பெட்டியைத் திருப்பி வைத்தாள். பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: தயாரிப்பு, பூமிநாடி டிரேடர்ஸ், உரிமையாளர் கார்த்திகேய சிவம். சித்தருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அதுதான் என்று ஊருக்கே தெரியும். பெட்டி ஒரு மாதமாக அவர்கள் கண்முன்னேதான் இருந்தது. பொருளின் மூன்று பிறவியைத் தெரிந்துகொள்ள ஆலாய்ப் பறந்தவர்கள், இந்தப் பிறவியில் அதன் முதலாளி யார் என்று மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

சித்தர் பட்டுத்துணியைக்கூட அவிழ்க்காமல் வாசலைப் பார்த்து விரைந்தார், ஒரு படியிலும் தடுக்கி விழாமல். கண் கட்டியிருந்தும் காரின் கதவைச் சரியாகப் பிடித்தார். அந்த ஒரு சோதனையில் மட்டும் பாஸ்.

ஏகப்பன் நேரே சூசைமரியானிடம் போனார். "அண்ணே, தப்பு என் மேல. பந்திக்கு உங்க இலைதான். வாங்காம விட்ட வீட்டுகளுக்கும் நானே போயி உண்மையச் சொல்லிட்டு வாறேன்."

"சொல்லுங்க. கட்டுக் கட்டா மாடு தின்னுட்டு இருக்கு" என்றார் சூசைமரியான்.

"பெல்சி, அப்ப உங்க அப்பா இலையில பாவமே இல்லைன்னு நீ எழுதிக் குடுத்துடு" என்றார் ஏகப்பன்.

"அது எப்படி அங்கிள்? இலைக்கும் மோட்டார் ஓடுது, உரம் போடுறோம். இருக்கிறது இருக்குன்னுதான் சொல்லணும்" என்றாள் பெல்சி. சூசைமரியான் மகளை ஒரு பார்வை பார்த்தார். "ஆனா இது பக்கத்து ஊர்ல இருந்து வருது, சாப்பிட்டதும் மாட்டுக்குப் போகுது. அந்தப் பேப்பர் இலைக்கு மரக்கூழ் வேணும், பிளாஸ்டிக் பூச்சு வேணும், கடைசியில கண்மாய்க் கரையில கெடந்து எரியுது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா இலை தேவலை. அவ்வளவுதான்."

"பின்ன நம்ம கல்யாணத்துல பெருசா கெடுக்கிறது எது?"

"இலை இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சிங்கப்பூர்ல இருந்து ரெண்டு தடவையா வர்ற விமானம். ராத்திரி பகலா ஓடப் போற ஜெனரேட்டர். அப்புறம் இருபத்தெட்டு அயிட்டம் போட்டு, பாதியை மிச்சம் வச்சுக் குழியில கொட்டப் போறீங்களே, அது."

ஏகப்பன் ஜெனரேட்டரைப் பார்த்தார். புண்ணியப் பொருள். சித்தர் சொன்னது எவ்வளவு இதமாக இருந்தது என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. பொய்யில் அவர் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு பெருமூச்சோடு, "அயிட்டத்தைப் பாதியாக் குறைச்சா சம்பந்தி கோவிச்சுக்குவாரே" என்றார்.

"நான் பேசிக்கிறேன் அப்பச்சி" என்றாள் அக்ஷரா.

இதற்குள் பெல்சியைச் சுற்றி வரிசை ஒன்று கட்டிவிட்டது. முதல் ஆளாகச் சின்னச்சாமி. சித்தரிடம் குனிந்த அதே முதுகை இவளிடமும் வளைத்து, அண்டாவை நீட்டினார். "தாயி, நீங்கதான் மெய்யான சித்தர். இதுக்கு என்ன பலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பெல்சி அண்டாவைத் தொடவில்லை.

"இது எங்க செஞ்சது, எத்தனை வருஷம் உழைக்கும், உடைஞ்சா எங்க போகும்னு நீங்களே கேளுங்க, அண்ணாச்சி. கடைக்காரர்கிட்ட கேளுங்க, பழைய பாத்திரக்காரர்கிட்ட கேளுங்க. நான் சொன்னாலும் நம்பாதீக, என்கிட்டயும் கணக்கைக் கேளுங்க. குனிஞ்சு நிக்கிறவருக்கு அடுத்த ஆளும் இதே தகட்டைத்தான் விப்பான், கொஞ்சம் நிமிந்து நில்லுங்க."