சாக்பீஸில் எழுதிய பலகை

கடைக்குப் பெயர் வைக்கிற அதிகாரம் தனக்கு மட்டும்தான் என்று, அடுப்பு பற்றவைத்த அன்றைக்கே நஞ்சப்பன் அறிவித்துவிட்டார். பற்றவைத்தது அவர் இல்லை, மாதம்மாள். இட்லி ஊற்றியதும் அவள், சாம்பார் இறக்கியதும் அவள். வீட்டுக்காரர் என்று இருப்பவருக்கும் ஏதாவது வேண்டாமா? அவருக்குப் பலகை.

அதியமான்கோட்டையில் பெங்களூர் ரோட்டோரம், நூர் பாஷாவின் பஞ்சர் கடையை ஒட்டிய தகரக் கொட்டகை. ஆந்திரா லாரி, கர்நாடகா லாரி, வடக்கத்தி லாரி எல்லாம் நிற்கிற இடம். நஞ்சப்பன் ஓசூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "உள்ளே தள்ளிப் போ" என்று நான்கு மொழியில் சொல்வார். நான்கிலும் எவரும் தள்ளிப் போனதில்லை.

"எல்லா பாஷைக்காரனுக்கும் ஆகற மாதிரி, சின்னதா ஒரே சொல்லு. 'நஞ்சு'!"

மாதம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சோத்துக் கடைக்குங்களா?"

"எங்கம்மா ஊரு கொள்ளேகால்ல என்னைய அப்படித்தான் செல்லமாக் கூப்புடுவாங்க. நஞ்சுண்ட சாமி பேரு வெச்ச புள்ள. விஷத்தையே முழுங்கின சாமி."

"சாமி முழுங்கினாரு. லாரிக்காரரு முழுங்குவாருங்களா?"

நஞ்சப்பன் மீசையைத் தடவினார்.

"பேரு உங்க இஷ்டமுங்க. ஆனா பெயிண்ட் அடிச்சா அழியாது. மொதல்ல சாக்பீஸ்ல எழுதிப் பாருங்க. ஒரு வாரம் எவனும் தப்பா எடுத்துக்கலன்னா அடிச்சுக்கலாம்" என்றாள்.

பெண்டாட்டி பேச்சு நியாயமாகப் படுகிறபோதுதான் ஆம்பிளை உஷாராக வேண்டும். நஞ்சப்பன் சாக்பீஸ் வாங்கப் போனார்.

நஞ்சை விட்டுவிட்டு அவர் எழுதிய முதல் சொல் 'மா'. இட்லிக்கும் மா, தோப்பிலும் மா, இந்திக்காரனுக்கோ அம்மா. இந்தி எழுத்தை நூர் பாஷா போட்டுக் கொடுத்தார். விடிந்ததும் ஒரு ராஜஸ்தான் டிரைவர் இறங்கினான். பலகையைப் பார்த்தான். புகைக்கு நடுவே பெரிய குங்குமப் பொட்டோடு நின்ற மாதம்மாளைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பொங்கலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கும்பிட்டபடியே பின்னால் நடந்து போய் வண்டி ஏறிவிட்டான். பிரசாதத்துக்கு எவன் காசு கொடுப்பான்? மறுநாள் அவன் கூட்டாளிகள் வந்து வாசலில் மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைத்தார்கள். மாதம்மாள் அத்தனையையும் சட்னி அரைத்தாள். சட்னி வாளியை நஞ்சப்பன் கையில் கொடுத்தாள்.

"பேரு யோசிக்கறப்ப கை சும்மாதானே இருக்குது? அப்படியே ஊத்திக்கிட்டே யோசிங்க."

அடுத்து 'கூடு'. "தமிழ்ல பறவை வூடு. கன்னடத்துல ஒண்ணு சேருன்னு அர்த்தம். தெலுங்குல சோறு! மூணு பாஷையும் நம்ம கடைக்கே வேலை செய்யுது பாய்!" என்று நூர் பாஷாவிடம் குதித்தார்.

சித்தூர் டிரைவர் வந்தான். தெலுங்கு எழுத்தைப் படித்ததும் முகம் செத்துப் போயிற்று. "ஏன் சார் இப்படி? எங்க ஊர்ல திட்டும்போதுதான் இப்படிச் சொல்றது. செத்தவங்களுக்கு வெக்கற பிண்டத்தையும் இதே பேருலதான் சொல்வோம்." சொல்லிவிட்டு, சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டான்.

நஞ்சப்பன் அழித்துவிட்டு 'பா' என்று எழுதினார். கன்னடத்தில் 'வா' என்று அழைப்பு. பக்கத்து இண்டூர்க்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "பெயிண்டர் பாதியில ஓடிட்டானுங்களா?" என்றார்.

இப்படியே சாக்பீஸ் தேய்ந்தது. வாளியும் கையை விட்டு இறங்கவில்லை.

ஒரு நாள் தக்காளி வாங்கப் பாலக்கோடு போனார். திரும்புகிற பஸ்ஸில் அபாரமான புதுச் சொல் ஒன்று தோன்றியது. அதை நெஞ்சில் பத்திரமாக வைத்துக்கொண்டு இறங்கினார். நிமிர்ந்தால், பலகையில் பெயிண்ட் பளபளத்தது. நான்கு மொழி எழுத்திலும் 'அக்கா கடை'.

"மாதம்மா! யாரைக் கேட்டு அடிச்ச?"

"யாரைக் கேக்கறது? வந்த அன்னிலேர்ந்தே வண்டிக்காரங்க அப்படித்தான் சொல்றாங்க. நீங்க பலகையைப் பாத்துக்கிட்டு நின்னீங்க, காதுல வுழல."

நூர் பாஷா பஞ்சர் கடையிலிருந்தே கத்தினார். "ரோட்டோரக் கடைக்குப் பேரு பலகையிலயா இருக்குது அண்ணா? அடுப்பாண்ட யாரு நிக்கறாங்களோ அவங்கதான் பேரு. போன் மேப்புலயே எவனோ அக்கா கடைன்னு ஏத்திட்டான்."

நஞ்சப்பன் யோசித்தார். தமிழில் அக்கா, கன்னடத்தில் அக்கா, தெலுங்கில் அக்கா. வடக்கத்தியான்கூட இந்த ரோட்டுக்கு வந்தால் அக்கா என்கிறான். குற்றம் சொல்ல இடமே இல்லை.

"சின்னதா ஒரே சொல்லு, எல்லாருக்கும் ஆகணும். நீங்க தேடினதுதானுங்களே?" என்றாள் மாதம்மாள்.

"சரி, இருக்கட்டும். இந்தக் கடையில எனக்குன்னு ஒரு பேரு வேண்டாமா?" என்றபடியே நஞ்சப்பன் சட்னி வாளியைத் தூக்கினார்.

அப்போது மூலை மேசையிலிருந்து ஒரு குரல்: "சட்னி! நீள்ளு!"

பக்கத்து மேசையிலிருந்து: "சட்னி! நீரு!"

வாசலிலிருந்து: "ஏ சட்னி! பானி!"

மூன்று தட்டிலும் சட்னி நிறையவே இருந்தது. தண்ணீருக்குத்தான் மொழிக்கு மொழி வேறு வேறு பெயர். நஞ்சப்பன் வாளியோடு திகைத்து நின்றார்.

மாதம்மாள் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்களத்தாங்க கூப்புடறாங்க."