நடுக்கடலில் நாலு கோடு

கடலுக்குப் போகிறவனுக்கு ஒரு வியாதி இருக்கிறது. கரையில் உள்ள எந்தச் சாமானையும் அவன் கடலில் வைத்துத்தான் எடை போடுவான். சப்பாத்து வாங்கினாலும் உப்புத்தண்ணிக்குத் தாங்குமா என்று கேட்பான். மணிக்கூடு வாங்கினாலும் அதே கேள்வி. மகளுக்கு மாப்பிள்ளை பேசி வந்தால், பொடியனுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்பான் (கட்டாரில் ஏசிக்குள் வேலை செய்கிறவனுக்கு நீச்சல் என்னத்துக்கு என்று யோசிக்கமாட்டான்). எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊருக்கு போன் வந்தது.

நான் படித்தவன் இல்லை. என் பேரை எழுதுவேன். சூசை என்று சின்னப் பேராக வைத்தபடியால் தப்பினேன். எங்கள் ஊர் நுரைச்சோலைக்கும் கற்பிட்டிக்கும் நடுவில். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் மணல் மேடு. மேட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்புக்குள் பள்ளமாகக் கிடக்கும் வீடுகளில் ஒன்று என்னுடையது. காற்று அடிக்காது என்று என் அப்பா பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த இடம். காற்று வராத இடத்துக்கு வேறு என்னென்ன வராது என்று அவருக்கு எப்படித் தெரியும்.

சண்டை நடந்த காலத்தில் கடலுக்குப் போக பாஸ் வேண்டும், திரும்பி வரவும் நேரம் குறித்திருந்தார்கள். சண்டை முடிந்ததும் கடல் அகலமாகிவிட்டது. தூரம் போனோம். தூரம் போனவர்களுக்கு போன் தேவைப்பட்டது. மூன்று கம்பனிக்காரர்கள் வந்து கோயில் சந்தியில் குடை விரித்து, ஒலிபெருக்கி கட்டி, சிம் விற்றார்கள். மூன்று பேரும் ஒரே கதைதான்: இலங்கை முழுக்க எடுக்கும், காட்டுக்குள்ளும் எடுக்கும், கிணற்றுக்குள்ளும் எடுக்கும். மூன்று பேருக்கும் ஒரே சிரிப்பு. யாரை நம்புவது?

என் மனுசியின் தம்பி அந்தோனி அப்படி ஒருவனை நம்பித்தான் வாங்கினான். முந்தின பருவத்தில் அவனுடைய எஞ்சின் கடலில் நின்றுவிட்டது. போனை வானத்துக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டு பகல் முழுக்க நின்றிருக்கிறான். சிக்னல் கோடு ஒன்றுகூட வரவில்லை. உடப்புப் பக்கத்துப் படகு ஒன்று கண்டு இழுத்துவந்திராவிட்டால் அவனுக்குச் செத்தவீட்டுப் பூசைதான் வைத்திருப்போம். அதற்குப் பிறகு எனக்குச் சிக்னல் என்றால் உயிர். (அந்தோனி இப்போது சொல்லுவான்: "என்ர உயிரக் காப்பாத்தத்தான் அத்தான் அந்தக் கூத்தெல்லாம் ஆடினவர்." ஆடினது நான். பாத்திரம் அவன் தந்தது.)

ஆகவே சோதித்துப் பார்த்து எடுப்பது என்று முடிவு செய்தேன். மூன்று கம்பனி சிம்மும் மூன்று பழைய போனும் இரவல் வாங்கினேன். எழுத்து வாசிக்கத் தெரியாதபடியால் போனுக்கு வலைநூல் கட்டினேன். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு. மகள் ரெஜினாவின் போனில் இருந்த சிம்மைக் கழற்றித்தான் ஒரு முடிச்சுக்குள் போட்டேன். மூன்றையும், சிம் இல்லாத ரெஜினாவின் போனையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நானும் அந்தோனியும் கடலுக்குப் போனோம்.

எங்கள் ஆட்கள் கடலுக்கடியில் மீன் கிடக்கிற பாறைப் பாரை எப்படி அடையாளம் வைப்பார்களோ, அப்படித்தான் நான் சிக்னலையும் தேடினேன். கரையில் இரண்டு பொருளைப் பார்த்து ஒரே கோட்டில் கொண்டுவருவது. எங்கள் கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் நுரைச்சோலை மின்சார ஆலையின் புகைக்கூண்டு வந்து ஒளிந்த இடத்தில், இரண்டு முடிச்சு போனில் நாலு கோடும் நிமிர்ந்து நின்றன. மற்ற இரண்டும் செத்துக் கிடந்தன. மீன் முதலாளிக்குக் கோல் எடுத்தேன். பக்கத்தில் இருந்து கதைப்பது மாதிரிக் கேட்டது. அவர் விலையைக் குறைத்ததும் தெளிவாகக் கேட்டது.

படகில் வைத்தே ஒரு முடிச்சு சிம்மைக் கழற்றிவிட்டு, ரெஜினாவின் போனுக்குள் இரண்டு முடிச்சுச் சிம்மைப் போட்டேன். கையில் மீன் வழும்பு. கழற்றினது விரலில் வழுக்கி, தண்ணிக்குள் போய்விட்டது. போனது போகட்டும், செத்த சிம்தானே என்று சிரித்தேன். அவளுடைய நம்பர் அதோடு போனது.

வீட்டுக்கு வந்து வெற்றியை அறிவித்தேன். ரெஜினா தையல் மெசினை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்பா, வீட்டுக்குள்ள எடுக்குதா எண்டு பாத்தீங்களா?"

"வீட்டுக்குள்ள இருக்கிற ஆக்களோட கதைக்க வாய் இருக்குப் பிள்ள. அதுக்கு என்னத்துக்கு போன்?"

அந்தோனி கைதட்டினான். நானும் பெரிய அறிவாளி மாதிரி மனுசியைப் பார்த்தேன். மனுசி மதலேனாள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனித்தான் விசயம். ரெஜினாவுக்கு அப்போது ஒரு கலியாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சிலாபம் பக்கத்துப் பொடியன், கட்டாரில் வேலை. ஒரு கலியாண வீட்டில் இவளைக் கண்டு, தானாகவே பிலோமினாக்காவிடம் சொல்லி அனுப்பியிருந்தான். பிலோமினாக்காதான் எங்கள் பக்கத்துக் கலியாணங்களைப் பேசி முடிக்கிறவ. அதற்கு முன் வந்த பேச்சுகளையெல்லாம் ரெஜினா முகத்தைச் சுளித்தே முடித்திருந்தாள். இந்தமுறை மட்டும், "ஒருக்காக் கதைச்சுப் பாத்திட்டுச் சொல்றன்" என்றாள். அதோடு, கட்டாரில் கோயில் இருக்கா என்று பிலோமினாக்காவிடம் கேட்டாளாம். அந்தக் கேள்வியிலேயே எங்களுக்கு விசயம் விளங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு அவன் எடுப்பதாக ஏற்பாடு. நான் புது நம்பரைக் கொடுத்து, "நடுக்கடல்லயும் கேக்கும் எண்டு சொல்லுங்க" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். பிலோமினாக்கா நம்பரைச் சேர்ப்பித்துவிட்டுத் தலவிலக் கோயில் திருநாளுக்குப் போய்விட்டா.

அதுவரைக்கும் போன் என் கடல் பைக்குள்ளேயே கிடந்தது; சனிக்கிழமைதான் வீட்டில் அதைத் திறந்து பார்த்தோம். கோடு இல்லை. கிணற்றுக் கட்டில் ஏறினேன், இல்லை. கூரையில் ஏறினேன், இரண்டு ஓடு உடைந்தது, கோடு இல்லை. அந்தோனி தென்னையில் ஏறினான். உச்சியில் ஓலை வட்டுக்குள் இருந்து ஒரு கோடு வருது என்று கத்தினான்.

"அப்ப ரெஜினாவ மரத்தில ஏத்துவமா அத்தான்?"

"வாய மூடிக்கொண்டு இறங்கு."

கடற்கரையில் கொஞ்சம் எடுத்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஊர் முழுக்க இருக்கும். காட்ஸ் விளையாடுகிறவன், வலை காயவிடுகிறவன், சும்மா இருக்கிறவன். அவ்வளவு பேருக்கு முன்னால் வாழ்க்கைக் கதையைக் கதைக்கமாட்டேன் என்று ரெஜினா சொல்லிவிட்டாள். நியாயம். வேறு போனுக்கு எடு என்று பொடியனுக்குச் சொல்ல எங்களிடம் அவன் நம்பர் இல்லை. இருந்தாலும் பெண் வீட்டார் முந்தி எடுப்பது மரியாதையில்லை என்று மதலேனாள் விடமாட்டாள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது அடிக்கடி வேலை செய்யாது. அதுதான் இந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு.)

"கடலுக்குப் போவம்" என்றேன். "அங்க நாலு கோடு நிக்குது. ஒரு மனிசனும் இல்ல. நிம்மதியாக் கதைக்கலாம்."

எங்கள் கரையில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ரெஜினா பிறந்ததில் இருந்து கடலைப் பார்த்தவள், ஒருநாளும் அதன் மேலே இருந்ததில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பொடியனோடு கதைக்க அவளுக்கு எவ்வளவு ஆசை என்று அவள் "சரி" என்று சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பூசை முடிந்து நேரே வந்தோம். ரெஜினா கோயிலுக்குக் கட்டின நீலச் சேலையோடு. மதலேனாள் தனியாக விடமாட்டேன் என்று சோற்றுப் பார்சல், தண்ணிக் கான், குடை, தலையணை எல்லாம் எடுத்துக்கொண்டு ஏறினாள். அந்தோனி எண்ணெய்க் கான் இரண்டு ஏற்றினான். நான் எதற்கும் இருக்கட்டும் என்று முடிச்சுப் போட்ட மூன்று போனையும் பையில் போட்டுக்கொண்டேன். காட்ஸ் விளையாடின ஒருவன் தலையைத் தூக்கினான்.

"என்ன சூசையண்ணே, குடும்பத்தோட அவுஸ்திரேலியாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அந்த வருசங்களில் எங்கள் கரையோரத்தில் இருந்து ஆட்கள் படகேறி அவுஸ்திரேலியாவுக்குப் போகப் பார்த்துப் பிடிபட்டுக்கொண்டிருந்தார்கள். பகிடியைக் கேட்டுச் சிரித்த எனக்கு, பகிடி செய்தவனுக்குக் கண் இருக்கிறது, மற்றவர்களுக்கும் கண் இருக்கும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

கோபுரத்துக்குப் பின்னால் புகைக்கூண்டு ஒளிந்த இடத்தில் நங்கூரம் போட்டேன். நாலு கோடு. மீன் பிடிபட்ட மாதிரி இருந்தது எனக்கு. ரெஜினாவுக்குத் தலைசுற்றல், இரண்டுதரம் சத்தி எடுத்துவிட்டாள். முகத்தைக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்து, போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. செபமாலை சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, என்ன கதைப்பது என்று சொல்லிப் பார்க்கிறாள்.

போன் அடிக்கவில்லை. ரோந்துப் படகு வந்தது.

அதில் நின்ற அதிகாரியில் நான் பிழை சொல்லமாட்டேன். அவர் கண்டதைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். கரைக்கு எட்டத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கிற படகு. வலை இல்லை. நல்ல உடுப்புப் போட்ட இரண்டு பெண்கள். சாப்பாடு, தண்ணி, தலையணை, இரண்டு கான் எண்ணெய். சத்தி எடுத்த ஒரு பிள்ளை. பையில் மூன்று போன் வைத்திருக்கிற ஒரு கிழவன், அதிலும் முடிச்சு முடிச்சாக ஏதோ அடையாளம்.

"கொஹேத யன்னே?" என்றார். எங்கே போகிறீர்கள்.

என்னுடைய சிங்களம் மீன் விற்கிற சிங்களம். விலை பேசத்தான் உதவும். போகவில்லை, கதைக்க வந்தோம் என்றேன். யாரோடு என்றார். கட்டாரில் இருக்கிற ஒருவரோடு என்றேன். அவருடைய முகம் மாறியது. வெளிநாட்டில் இருந்து ஆள் எடுத்து, நடுக்கடலில் இன்னொரு படகில் ஏறச் சொல்லுவான், அப்படித்தானே என்று கேட்டார். மகளுடைய கலியாணப் பேச்சு என்றேன்.

"கடல்லயா?" என்றார் தமிழில். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

நாலு போனையும் வாங்கிக்கொண்டார். வாங்கின கையிலேயே ரெஜினாவின் போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். அவர் எங்களை ஒருதரம் பார்த்தார், பட்டனை அமுக்கினார்.

"நீ யாரு? எத்தின பேர அனுப்புது? மத்த போட் எங்க?"

அந்தப் பக்கம் பொடியன் எச்சில் விழுங்கின சத்தம் எனக்கே கேட்டது. அவ்வளவு தெளிவு. கம்பனி நல்ல கம்பனிதான்.

ரெஜினா எழும்பிவிட்டாள். ஆடுகிற படகில் பிடி இல்லாமல் நின்றுகொண்டு கையை நீட்டினாள். "சேர், தாங்க. அது எனக்கு வந்த கோல்."

அவர் கொடுத்தார். உடனே கொடுத்தார் என்றுதான் சொல்லவேண்டும். அதற்குள் மறுபக்கம் வெட்டுப்பட்டுவிட்டது. நிலைமை விளங்கினதும் அந்த மனிதனே திரும்ப எடுத்துப் பார்த்தார், இரண்டு மூன்று தரம். கட்டாரில் போனை நிறுத்திவிட்டார்கள். "தங்கச்சி, சொறி" என்றார்.

ஆனாலும் விசாரிக்கவேண்டுமே. ரோந்துப் படகு முன்னால், நாங்கள் கயிற்றில் பின்னால். கரையில் காட்ஸ் எல்லாம் அப்படியே மணலில் கிடந்தது, ஊர் முழுக்க எழும்பி நின்றது. பங்குத் தந்தை வந்து, இவர்கள் ஓடுகிற ஆட்கள் இல்லை, ஓடுகிற அளவுக்கு இந்த மனிதனுக்கு மூளையும் இல்லை என்று பொறுப்பெடுத்துத்தான் விட்டார்கள்.  வீட்டுப் படியில் வைத்து ரெஜினா சொன்னாள்.

"வீட்டுக்குள்ள எடுக்குதா எண்டு கேட்டன்தானே அப்பா."

பிலோமினாக்கா திருநாளால் வந்ததும் அவவைக் கூட்டிக்கொண்டு சிலாபத்துக்குப் போனேன். பொடியனின் தாய் தேத்தண்ணி தந்தா. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவ முழுதும் கேட்டா.

"கதைக்கிறதுக்காகக் கடலுக்குப் போனீங்க எண்டு சொல்றீங்க. நான் நம்புறன் எண்டே வையுங்க. அவன்ர வேலையில ஒரு விசாரணை வந்தா, அவங்க நம்புவாங்களா? பொடியன் நம்பரே மாத்திட்டான்."

பஸ்ஸில் வரும்போது பிலோமினாக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னா: "சூசையண்ணே, உண்மையச் சொல்லிக் கெடுத்திட்டீங்க. ஒரு நல்ல பொய்யாச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க."

அந்தப் பொடியன் அடுத்த வருசம் மாரவிலப் பக்கம் கட்டினான். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த பேச்சுகளுக்கெல்லாம் ரெஜினா வேண்டாம் என்றாள். அதை வீட்டுக்குள் இருந்தே சொன்னாள். அதற்குச் சிக்னல் தேவைப்படவில்லை.

இப்போது மதலேனாள் இல்லை. நானும் கடலுக்குப் போவதில்லை. எங்கள் தோப்புக்குப் பின்னால் அதே இரண்டு முடிச்சுக் கம்பனி கோபுரம் கட்டியிருக்கிறது. படுக்கையில் நாலு கோடு, குசினியில் நாலு கோடு, கக்கூசிலும் நாலு கோடு. நாளுக்கு ஒருதரம் போன் அடிக்கும். எடுத்தால் கம்பனிக்காரி, புதுப் பாட்டு வேண்டுமா என்று கேட்பாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு அந்தோனி பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு வந்துவிடுவான். சாப்பிட்டு முடிந்ததும் கதையைத் தொடங்குவான். தென்னையில் ஏறினது, தலையணை, அதிகாரியின் தமிழ். வருசத்துக்கு வருசம் ரோந்துப் படகு பெரிதாகிக்கொண்டு வருகிறது. நானும் இடையில் ஒன்றிரண்டு எடுத்துக் கொடுப்பேன். சிரித்துச் சிரித்துத் தொண்டை காய்ந்துபோகும்.

"மகள், தேத்தண்ணி இருக்கா?" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கேட்பேன். பதில் வராது. இன்னொருதரம் கேட்பேன்.

"கடலுக்குப் போய்க் கேளுங்கப்பா. அங்கதான் தெளிவாக் கேக்கும்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் சிரிக்காமல் வந்து தேத்தண்ணியை என் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போவாள்.