உறவு நலக் குழுவும் இரண்டு ஹாரனும்

நீசேயா பொதுச்சங்கத்துக்குப் பிறகு திருச்சபை வரலாற்றில் கூடிய மிக முக்கியமான கூட்டம் ராயபுரத்தில், எங்கள் அலைகளின் அன்னை ஆலயத்து மன்றத்தில், ஃபேன் ஓடாத ஒரு ஞாயிறு மாலை நடைபெற்றது. 'உறவு நல மீட்புக் குழு' அங்கேதான் உதயமாயிற்று. அதன் செயலாளர் என்ற முறையில் இந்த அறிக்கையைச் சமர்ப்பிப்பதில் பூரித்துப்போகிறேன்.

மீட்பு ஏன் தேவைப்பட்டது? எங்கள் பங்கு, அதாவது இந்தக் கோயிலைச் சேர்ந்த மக்கள் கூட்டம், நோயுற்றிருந்தது. பூசையில் பாதி பெஞ்சு காலி. வந்தவர்களிலும் பாதிப் பேர் மீதிப் பேரோடு பேசுவதில்லை. "ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம்" என்று ஃபாதர் சொன்னதும் எல்லோரும் பக்கத்திலிருந்த தூணைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எங்கள் கோயில் தூண்கள் அளவுக்குச் சமாதானம் பெற்ற தூண்கள் உலகில் வேறெங்கும் இல்லை.

துறைமுகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற எங்கள் குழுத் தலைவர், டெபோரா மேடத்தை வரவழைத்தார். ஓ.எம்.ஆர். பக்கத்து ஐ.டி. கம்பெனிகளில் ஊழியர்களுக்கு ஒற்றுமை கற்பிப்பவர். மேடம் பலகையில் ஓர் இதயம் வரைந்து, அதற்குள் 'உரையாடல்' என்று எழுதினார். கைதட்டினோம்.

"பேசாத உறவு செத்த உறவு. உங்க பங்குல ரொம்ப மோசமான உறவு எது?"

எல்லோர் விரல்களும் ஹென்றி அண்ணனையும் ஃப்ரெடியையும் காட்டின.

ஹென்றி அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். புனித வெள்ளிதோறும் நாங்கள் போடும் இயேசுவின் பாடுகளின் நாடகத்துக்கு நிரந்தர இயக்குநர். மனைவி காலமாகிவிட்டார், மகன் குவைத்தில். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஃப்ரெடி ஆட்டோ ஓட்டுகிறார். நாடகத்தில் தலைமைச் சீடர் பேதுருவாக நடிக்க ஆசைப்பட்டவர். அண்ணன் வருஷா வருஷம், காட்டிக்கொடுக்கும் யூதாஸ் வேஷத்தையே கொடுத்தார். போன வருஷம் ஒத்திகையின் நடுவே ஃப்ரெடி வெள்ளிக்காசுப் பையோடு வெளிநடப்புச் செய்தார். அன்றிலிருந்து பேச்சில்லை.

ஆனால் செவ்வாயும் வெள்ளியும் காலையில் அண்ணன் வாசலில் ஃப்ரெடியின் ஆட்டோ வந்து நிற்கும். இரண்டு ஹாரன். அண்ணன் ஏறுவார். ஒரு வார்த்தை கிடையாது. ஆஸ்பத்திரியில் இறங்குவார். ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொண்டு அவர் வெளியே வரும்போது ஆட்டோ அங்கேயே நிற்கும். மறுபடி இரண்டு ஹாரன்.

இதைக் கேட்ட மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு ஆரோக்கியமில்லாத உறவு!" என்றார்.

சிகிச்சை உடனே தொடங்கியது. அடுத்த ஞாயிறு, 'மன்னிப்பு ஞாயிறு' ஆயிற்று. யாருக்கு என்ன தீங்கு செய்தோமோ, அதை அவரிடமே வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். மைக்கில்.

அண்ணன்தான் முதலில் எழுந்தார்.

"ஃப்ரெடி, ஆள் பத்தலன்னுதான் உனக்கு யூதாஸ் குடுத்தேன்னு சொன்னேன்ல? பொய் நைனா. உன் மூஞ்சிக்கு மேக்கப்பே தேவயில்ல, அதான். மன்னிச்சிடு."

"இன்னாது?" ஃப்ரெடி எழுந்துவிட்டார். "இத்தினி நாளு ஆள் பத்தலன்னு நம்பிகினு இருந்தேனே!" மைக்கைப் பிடுங்கினார். "சரி, நானும் கேக்கறேன். பங்குப் பேரவை எலெக்‌ஷன்ல ஒரு ஓட்டுல தோத்தியே, அந்த ஓட்டு என்னுது."

"அடப்பாவி! நீதானடா எனக்கு நோட்டீஸ் ஒட்டுனே?"

"ஒட்டுனேன். ஓட்டுப் போடல."

"இனி உன் வண்டில கால் வெச்சேன்னா கேளு!"

"ஏத்துனாத்தான?"

தலைவர் ஆனந்தக் கண்ணீர் வடித்தார். "பாருங்கள், பேசிவிட்டார்கள்!"

அதற்குப் பிறகு மன்றத்தில் உரையாடல் வெள்ளமாய் ஓடியது. சம்பந்தப்பட்டவர் காதுக்கே எட்டாதிருந்த புறணியெல்லாம் மன்னிப்பாக வெளியே வந்தது. அதுவரை சும்மா பேசாமலிருந்தவர்கள், அன்றிலிருந்து காரணத்தோடு பேசாமலிருந்தார்கள். மேடம் இதைத்தான் 'தெளிவு' என்றார்.

செவ்வாய் வந்தது, ஹாரன் வரவில்லை. அண்ணன் சட்டை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வேறு ஆட்டோ பிடித்துத் தரவா என்று கேட்டேன்.

"வாணாம். அவன் வரணும்."

"வந்தா ஏறுவீங்களா?"

"ஏற மாட்டேன். ஆனா வரணும்ல?"

ஒரு டயாலிசிஸ் தவறியதில் வியாழக்கிழமைக்குள் கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. குழு சும்மா இருக்குமா? அன்று மாலையே அவசரக் கூட்டம். வாட்ஸப்பில் கும்பிடும் கைகள் குவிந்தன. 'நோயாளர் போக்குவரத்துத் துணைக்குழு' ஒன்று பிறந்தது. அது வாங்கப்போகும் வாகனத்தின் பேனரில் தலைவர் படம் வலப்பக்கமா இடப்பக்கமா என்ற விவாதம் சமோசா வரும்வரை நீண்டது.

சமோசாவுக்குப் பின்னாலேயே சிலுவையம்மாள் வந்தார். காசிமேட்டில் மீன் விற்பவர், அண்ணனுக்கு அடுத்த வீடு.

"அங்க ஒரு மன்சன் மூச்சு வுட முடியாம குந்திகினு கீறாரு. இங்க இன்னா துன்னுகினு கீறீங்க?"

"அம்மா, நாங்க ஒரு செயல்திட்டம்..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"மூடு."

இந்தக் கருத்து கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை. சிலுவையம்மாள் நேரே ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தார். 'பார்வையாளர்' என்ற தகுதியில் நானும் பின்னால் போனேன்.

"யக்கா, அந்தாளாண்ட நான் பேச மாட்டேன்" என்றார் ஃப்ரெடி, அவர் வாயைத் திறக்கும் முன்பே.

"உன்ன யார்றா பேசச் சொன்னது? பேசித்தான இவ்ளோ பேஜாரு. ஹாரன் அடிக்கத் தெரியும்ல? காலைல போய் அடி. வாயத் தொறந்தே, மீன் அரியற அருவாமனையால நாக்க நறுக்கிருவேன்."

ஃப்ரெடி துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாயிருந்த கண்ணாடியைத் துடைத்தார்.

"காலு ரொம்ப வீங்கிகீதா?" என்று கண்ணாடியிடம் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. இரண்டு ஹாரன். அண்ணன் முன்பே சட்டை மாட்டியிருந்தார். எழ முடியவில்லை. எப்போதும் வண்டியை விட்டு இறங்காத ஃப்ரெடி இறங்கி வந்து, எங்கோ பார்த்துக்கொண்டே தோளைக் கொடுத்தார். அண்ணனும் எங்கோ பார்த்துக்கொண்டே அதைப் பிடித்தார். ஏறினார். ஒரு வார்த்தை கிடையாது.

டெபோரா மேடத்தின் இறுதி மதிப்பீட்டில் இந்த உறவு 'தோல்வி' என்று பதிவாகியிருக்கிறது. குழு ஆழ்ந்த வருத்தத்துடன் அதை ஏற்கிறது. அண்ணனுக்கு இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. படுத்தால் தூக்கம் வருகிறது. நாடக ஒத்திகையும் தொடங்கிவிட்டார். பேதுரு வேஷத்துக்கு மட்டும் இன்னும் யாரையும் போடவில்லை.

அவர் உயிரோடிருப்பதற்கு எங்கள் குழு எந்த வகையிலும் பொறுப்பல்ல என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.