கால்மாட்டில் வைத்த ரெஃபரன்ஸ் புத்தகம்

ரெஃபரன்ஸ் புத்தகங்களை யாரும் படிப்பதில்லை, தூக்கிக்கொண்டு அலைவார்கள் என்பது என் சொந்த ஆராய்ச்சி முடிவு. நர்சிங் முதலாமாண்டில் நான் அப்படித்தான் அலைந்தேன். கல்லூரியில் மேடம் மூன்று இங்கிலீஷ் புத்தகங்களின் பேரைச் சொல்லி, "இதெல்லாம் கட்டாயம் பார்க்கணும்" என்றார். மேல்மலையனூரில் இருந்த சீனியர் அக்கா மூன்றையும் இரவல் கொடுத்தார். பள்ளி முழுக்கத் தமிழில் படித்த நானும் தினமும் பார்த்தேன். (பார்க்கத்தான் சொன்னார்கள், புரியணும் என்று யாரும் சொல்லவில்லையே!)

ஒரே மாதத்தில், இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவராது என்று தெரிந்துபோனது. புத்தகங்களை அக்காவிடம் கொடுத்துவிட்டு, சொந்த ஊரான தொண்டூரில் நைனாவோடு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கிக்கொண்டு இருந்துவிடலாம். இதைச் சொன்னதும் நைனாவின் முகம் தொங்கிப்போனது. எங்கள் வீட்டில் பிளஸ் டூவைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். "சரி வா, குடுத்துட்டு வந்துடலாம்" என்று மட்டும் சொல்லிப் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அன்று அமாவாசை, மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஊரே திரளும் நாள். எங்கள் செஞ்சிப் பக்கத்து ஆட்கள் மறக்கவே கூடாத ஒரே விஷயத்தை இரண்டு பேரும் மறந்திருந்தோம். ஸ்பெஷல் பஸ்ஸில் மூச்சு விடக்கூட இடமில்லை. பாதி வழியில், என் பக்கத்தில் நின்றிருந்த அம்மா ஒருவர் அப்படியே சரிந்தார்.

"பொம்பள வியுந்துடுச்சிபா! பஸ்ஸ நிறுத்து!"

என்னை எந்தப் பேய் பிடித்ததோ (பேய் ஓட்டப் போகிறவர்கள் ஏறும் மேல்மலையனூர் பஸ்ஸில் இது நியாயமான சந்தேகம்தான்), "நவுருங்க, நவுருங்க! நான் நர்சு!" என்று கத்திவிட்டேன். படிப்பை விடப் போகிறவள் பேசுகிற பேச்சா இது? நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பையைப் பிடுங்கி ஒரு புத்தகத்தை உருவினேன். அது மருந்துகளின் கையேடு. உலகத்திலுள்ள மாத்திரைகளின் பேர்களெல்லாம் அகர வரிசையில் இருந்தன. நான் மும்முரமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாமா நீ, ஆளப் பாக்காம புக்கப் பாத்துக்குனு இருக்குற?" என்றார் கண்டக்டர்.

அவசரமாக அடுத்ததை எடுத்தேன். அது நர்சிங்கின் அடிப்படைகளைச் சொல்லும் புத்தகம். ஒரு பக்கத்தில் படம் இருந்தது. மயங்கியவர் மல்லாந்து படுத்திருக்கிறார், கால்கள் மட்டும் உயரத்தில். நல்லவேளை, படத்துக்கு இங்கிலீஷ் தேவையில்லை. மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக் காற்று வரச் செய்து, அந்த அம்மாவை நேராகப் படுக்க வைத்தேன். காலை உயர்த்த எதுவும் கிடைக்கவில்லை. பையில் மிச்சமிருந்த மூன்றாவது புத்தகம் தலையணை தடிமன் இருந்தது. அதை எடுத்துக் கால்மாட்டில் வைத்தேன்.

அம்மா கண் விழித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் மெல்லத் தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார்.

"அடிப்பாவி! சரஸ்வதி மேலயா என் கால வெச்ச?"

துள்ளி எழுந்து, புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தவர், மறுபடியும் மயங்கி விழுந்தார்.

பஸ்ஸே என்மேல் பாய்ந்தது. "படிக்கிற பொண்ணு செய்ற வேலையா இது?" "அமாவாச அதுவுமா!" ஒருவர் புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி அடுத்தவரிடம் கொடுத்தார். அவரும் ஒற்றிக்கொண்டார். இப்படியே அது கைமாறிக் கைமாறி டிரைவர் வரை போய், அங்காளம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. எந்தக் கல்லூரியிலும் அந்தப் புத்தகத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

எனக்கு அழுகை முட்டியது. வேறு வழி தெரியாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த அம்மாவின் இரண்டு கால்களையும் என் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டேன். வெடித்த குதிகால், ஈர மண். ஏனோ அப்போது பயம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார்.

"எய்ந்துக்காதீங்கம்மா, அப்பிடியே படுங்க. காலைல எதுனா சாப்டீங்களா?"

"இல்லமா, விரதம்."

நன்றாகத் தெளிந்த பிறகு உட்கார வைத்து, தண்ணீரும் யாரோ கொடுத்த வாழைப்பழமும் கொடுத்தேன். "சாமி பாக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில காட்டிடுங்கம்மா" என்றேன். இறங்கும்போது அவர் டிரைவரிடமிருந்து புத்தகத்தை வாங்கி, கோயிலுக்குக் கொண்டுவந்த குங்குமத்தை அட்டையில் வைத்து என்னிடம் நீட்டினார். "நல்லா இரு, நர்சம்மா."

அக்கா வீட்டுத் தெருமுனையில் நைனா நின்றார். "இன்னாமா, குடுத்துடலாமா?"

"படிச்சிட்டுக் குடுக்கறேன் நைனா."

நான் மனசு மாறுவதற்குள் நைனா வந்த வழியே பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டினார். அவரை எட்டிப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.

இப்போது நான் நிஜமாகவே நர்ஸ். புத்தகங்களை அக்கா "நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டார். நர்சிங் படிக்கும் பெண்கள் எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்டு வீட்டுக்கு வருவார்கள். நான் படம் உள்ளதாகப் பார்த்துச் சொல்வதற்குள் நைனா முந்திக்கொள்வார்.

"அது கெடக்கட்டும் கண்ணு. தலமாட்டுல வெக்கவா, கால்மாட்டுல வெக்கவா? அத மொதல்ல சொல்லு."