புகார்தாரர் தேவை

மதச் சுதந்திரத்தை மற்ற நாடுகள் எப்படிப் பாதுகாக்கின்றனவோ, நமக்குத் தெரியாது. காஞ்சிபுரத்தில் அதற்கென்றே ஓர் அலுவலகம், இரண்டு பீரோ, ஒரு ஜீப், எல்லாவற்றுக்கும் மேலே தனி அலுவலர் மாணிக்கவேல் இருக்கிறார். 'சமய அமைதிப் பராமரிப்புப் பிரிவு' என்று பெயர்ப்பலகை. அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து ஊரில் ஒரு மதச் சண்டைகூட இல்லை. மனிதர் அந்தக் கவலையிலேயே பாதியாகிவிட்டார்.

ஏனென்றால் 'நல்லிணக்க வாரம்' வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் ஆளுக்கொரு சமயப் பிணக்கையாவது தீர்த்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை. இல்லாத பிணக்கை எங்கே போய்த் தீர்ப்பது? மாணிக்கவேல் அசரவில்லை. பிள்ளையார்பாளையத்தில் பூவம்மாள் என்ற நெசவுக்காரியின் வீட்டில் ஞாயிறுதோறும் ஏழு கிறிஸ்தவர்கள் தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்து ஜெபம் செய்வதாகத் துப்புக் கிடைத்தது. பாதிப் பிணக்கு தயார். ஆட்சேபிக்க ஓர் ஆள் கிடைத்தால் மீதியும் தயார்.

ஜீப் போய் நின்றது.

"வீட்ல கூட்டமா கும்பிடறீங்களாமே? அப்ப இது வீடு இல்லம்மா, வழிபாட்டுத் தலம். அனுமதி இருக்குதா?"

"ஏழு பேருதான் சார்," என்றாள் பூவம்மாள். "வர்ற ஞாயித்துக்கிழம எம் பொண்ணு ஜீவிதாவுக்கு நிச்சயம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஓரிக்கைலருந்து வராங்க. ஜெபம் பண்ணித்தான் தட்டு மாத்தணும். அத மட்டும் தடுத்துடாதீங்க சார்."

"நானா தடுப்பேன்? உங்க உரிமையக் காப்பாத்தத்தாம்மா அலைஞ்சிக்கினு இருக்கேன்." சொல்லும்போது அவர் அதை நிஜமாகவே நம்பினார்.

பக்கத்து வீட்டு லோகாம்பாள் வீட்டில் மார்கழி முழுக்க அறுபது பேர் பஜனை, வாசலில் ஒலிபெருக்கி. அது மட்டும் வழிபாட்டுத் தலம் இல்லையா என்று கேட்டு அதிகாரிகளின் நேரத்தை வீணாக்கக் கூடாது. அது 'பண்பாடு'.

"பக்கத்து வீட்டு ஜெபத்தால உங்களுக்கு என்னம்மா தொந்தரவு?" என்று லோகாம்பாளிடம் அன்பாக விசாரித்தார்.

"ஒண்ணும் இல்லியே சார். பாய் பத்தலன்னா நம்ம வீட்லருந்துதான் எடுத்துக்கினு போவாங்க."

"எதிர்ப்பே இல்லன்னா அமைதி எப்படிம்மா வரும்? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நல்லா இருக்குதே கத. நாளைக்குக் காலைல எம் பாவு தெருவுல நீட்டணும். புடிக்க அவதான் வரணும்."

பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடும் பட்டு இழை. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடிக்க வீட்டுக்கு ஒரு கை வேண்டும். ஒரு வீட்டைப் பகைத்தால் ஒரு கை போச்சு. பூவம்மாள் வீடு போகத் தெருவில் முப்பத்திரண்டு வீடு. முப்பத்திரண்டிலும் இதே பதில். எதையும் எதிர்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கட்சிக்காரர் வீரபாகுகூடக் கையை விரித்துவிட்டார். "ரெண்டு பாவு காத்துக்கினு இருக்குது சார். தீபாவளி கழிச்சு எதிர்க்கறேனே?"

நல்லிணக்கத்துக்கு இப்படி ஒத்துழைக்காத ஒரு தெருவை மாணிக்கவேல் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை.

சனிக்கிழமை மாலை உதவியாளர் பிரியதர்ஷினி படிவத்தை நீட்டினாள். "புகார்தாரர் பேர் இல்லாம ஃபைல் மூவ் ஆவாது சார். யாருக்கும் பிரச்சினை இல்லன்னு எழுதி அனுப்பிடலாமா?"

"அப்படி எழுதினா நம்ம ஆபீஸ் எதுக்குன்னு கேப்பாங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார் மாணிக்கவேல்.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு தெருவில் நின்றார்கள். விடிவதற்குள் வீட்டாரை வெளியேற்றிவிட்டுப் பூவம்மாள் வீட்டுக் கதவில் பூட்டுப் போட்டிருந்தார்கள், பூட்டின் மேல் அரக்கு முத்திரை. 'வழிபாட்டு உரிமையைப் பாதுகாக்கும் பொருட்டு மூடப்பட்டது' என்று அறிவிப்பு. ஜீவிதா கட்டிக்கொள்ள வேண்டிய பட்டுச்சேலையும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. பூவம்மாள் தன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"எவன் புகார் குடுத்தது?" லோகாம்பாள் தெருவையே ஒரு பார்வை பார்த்தாள். மற்ற முப்பத்தோரு வீட்டுக்காரர்களும் தாங்கள் இல்லை என்று பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்கள். அவள் நம்பவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிவிப்பை அடிவரை படித்தாள்.

'புகார்தாரர் / சமய அமைதிக்குப் பங்கம் விளைவிக்கும் எதிர்த்தரப்பு' என்ற கட்டத்தில், அழகான கையெழுத்தில், அரசு முத்திரையோடு எழுதியிருந்தது: தனி அலுவலர் மாணிக்கவேல். அரசாங்கம் அந்தத் தெருவைப் பற்றி எழுதிய ஒரே உண்மை அதுதான்.